ஹார்மோன் அலகுகளின் இரு மரபுகள்: முயலிலிருந்து மோல் வரை

சென்னையில் ஓர் ஆய்வகம் தரும் ஹார்மோன் அறிக்கையில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று இருக்கும். எஸ்ட்ரடயால் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிக்கோகிராம், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோ சர்வதேச அலகு. அதே இரத்தத்தை டொரன்டோவிலோ லண்டனிலோ சோதித்தால் முதல் இரண்டும் நானோமோல், பிக்கோமோல் ஆகிவிடும். 500 என்றிருந்த டெஸ்டோஸ்டிரோன் 17.3 ஆகும், 100 என்றிருந்த எஸ்ட்ரடயால் 367 ஆகும். டிஎஸ்எச் மட்டும் அதே எண்ணில் நிற்கும். இரு நாடுகளில் மருத்துவம் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து, உடம்பில் ஏதோ பெரிய மாற்றம் நேர்ந்துவிட்டதாக அஞ்சுவது இயல்பே.

இந்த மாற்றங்களைப் பொதுவாகப் பெருக்கல் கணக்காக மட்டுமே பார்க்கிறோம். பெருக்கும் எண் ஒன்று அட்டவணையில் இருக்கிறது, அதை எடுத்துப் பெருக்கினால் போதும் என்ற எண்ணம் மருத்துவ மாணவர்களிடமும் உண்டு. ஆனால் அந்த எண்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இல்லை. நானோகிராமிலிருந்து நானோமோலுக்குப் போகும் எண் மூலக்கூறின் எடையில் பிறந்தது. அது என்றும் மாறாது. சர்வதேச அலகிலிருந்து கிராமுக்கோ மோலுக்கோ போகும் எண்ணோ, ஏதோ ஓர் ஆண்டில் ஒரு குழு கூடி, ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்த பொடிக்குக் கொடுத்த மதிப்பு. குப்பி தீர்ந்து புதியது வரும்போது அந்த எண்ணும் மாறக்கூடும். இந்த இரண்டு மரபுகளும் எப்படித் தோன்றின, எங்கே பிணைந்தன, பிணைந்த இடத்தில் இன்றும் என்ன பிழைகள் நேர்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விலங்கே தராசாக இருந்த காலம்

1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் செக்ரிட்டினைக் கண்டறிந்தார்கள். 1905இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். அடுத்த கால் நூற்றாண்டில் சுரப்பிகளிலிருந்து வடித்தெடுத்த சாறுகள் பல இருந்தன; அவற்றுள் செயல்படும் பொருள் எவ்வளவு என்று நிறுத்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. சாற்றின் எடையில் பெரும்பகுதி கலப்புதான். ஆகவே எடையை விட்டுவிட்டு, சாறு என்ன செய்கிறது என்பதை அளக்கத் தொடங்கினார்கள்.

இதன் தெளிவான முதல் வடிவம் இன்சுலினில் கிடைத்தது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பேன்டிங், பெஸ்ட், மெக்லியோட் ஆகியோரின் குழுவில் சாற்றைத் தூய்மைப்படுத்தியவர் கோலிப். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் வீரியம் வேறுபட்டது. குறைந்தால் பயனில்லை, கூடினால் நோயாளி மயங்கிவிடுவார். கோலிப் முயல்களை நாடினார். பட்டினி போட்ட முயலுக்குச் சாற்றைச் செலுத்தி, இரத்தச் சர்க்கரை 0.045 சதவீதத்துக்கு, அதாவது வலிப்பு தோன்றும் எல்லைக்கு இறங்க எவ்வளவு சாறு வேண்டும் என்று பார்த்தார்கள். அந்த அளவு ஒரு முயல் அலகு. மனிதருக்கு அது அதிகம் என்று கண்டு, 2 கிலோ முயலுக்கான அந்த அளவில் மூன்றிலொரு பங்கை மருத்துவ அலகாகக் கொண்டார்கள். இன்று நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலின் குப்பியின் ‘யூனிட்’ அந்த முயலின் வழித்தோன்றல்.

பாலியல் ஹார்மோன்களும் இதே வழியில் வந்தன. 1923இல் செயின்ட் லூயிஸில் ஆலனும் டாய்ஸியும், சூலகம் அகற்றிய சுண்டெலியின் யோனிச் செல்களில் தோன்றும் மாற்றத்தை வைத்து ஈஸ்ட்ரோஜனை அளந்தார்கள். சிகாகோவில் கோக், மெக்கீ இருவரும் காளை விரைகளிலிருந்து எடுத்த சாற்றைக் காயடித்த சேவலுக்குச் செலுத்தி, கொண்டை வளர்வதை அளந்தார்கள். 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோன்டெக் இருவரும் கர்ப்பிணியின் சிறுநீரை இளம் பெண் சுண்டெலிக்குச் செலுத்திக் கருவுற்றதை அறியும் முறையைத் தந்தார்கள். கர்ப்ப ஹார்மோனான எச்சிஜியை அளக்கும் இன்றைய சோதனையின் முன்னோடி அதுவே. சுண்டெலி அலகு, எலி அலகு, சேவல் அலகு எனப் பட்டியல் நீண்டது. ஒரே மாவட்டத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டது போல, ஒரே பெயருள்ள அலகு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டது. விலங்கின் இனம், வயது, உணவு, பருவம் எல்லாம் அளவீட்டில் புகுந்தன. லண்டனில் டிரெவன் 1927இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புள்ளியியலாகவே நிறுவியது: ஒரே இன விலங்குகள்கூட ஒரே மருந்துக்கு ஒன்றுபோல் ஆட்படுவதில்லை, ஆகவே சில விலங்குகளின் விடையைக் கொண்டு அலகை வரையறுப்பது மணலில் கட்டும் வேலை.

குப்பிக்குள் வைத்த உடன்படிக்கை

தீர்வு ஹார்மோன் உலகுக்கு வெளியே ஏற்கெனவே இருந்தது. ஜெர்மனியில் பால் எர்லிக் 1897இல் தொண்டை அடைப்பான் எதிர்நஞ்சுக்காக, உலர்த்திய சீரத்தைக் காற்றில்லாக் குழாய்களில் பாதுகாத்து, மற்ற எல்லாச் சீரங்களையும் அதனோடு ஒப்பிடும் முறையை ஏற்படுத்தியிருந்தார். விலங்கு மாறினால் கவலையில்லை. அதே நாளில், அதே விலங்குக் கூட்டத்தில், அறியாத பொருளையும் பாதுகாத்த பொருளையும் செலுத்தி இரண்டின் விகிதத்தை எடுத்தால் விலங்கின் குணம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

இந்தக் கருத்தை ஹார்மோன்களுக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி டேல். லண்டன் ஹாம்ஸ்டெட்டில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றினார். தேசங்களின் சங்கத்தின் சுகாதார அமைப்பு 1923இல் எடின்பரோவிலும் 1925இல் ஜெனீவாவிலும் கூட்டிய மாநாடுகளின் வழியாக முதல் சர்வதேச இன்சுலின் தரநிலை உருவானது. ஒரு மில்லிகிராம் உலர்ந்த இன்சுலின் ஹைட்ரோகுளோரைடில் 8 அலகுகள் எனக் கணக்கிட்டு, அந்தப் பொடியின் எட்டிலொரு மில்லிகிராமில் அடங்கிய வீரியமே ஒரு சர்வதேச அலகு என்று ஏற்றார்கள். முயலின் இடத்தைக் குப்பி எடுத்துக்கொண்டது. முயல் சாட்சியாக மட்டும் நீடித்தது.

இந்த மாற்றத்தின் ஆழத்தைப் பின்வந்த எண்கள் காட்டுகின்றன. 1926இல் ஏபெல் இன்சுலினைப் படிகமாக்கினார். 1935இல் படிகத்தால் ஆன இரண்டாம் தரநிலை வந்தபோது ஒரு மில்லிகிராமில் 22 அலகுகள் இருந்தன. 1958இன் நான்காம் தரநிலையில் 24. 1980களில் வந்த மனித இன்சுலின் தரநிலையில் 26. இன்று தூய மனித இன்சுலினில் ஓர் அலகு 0.0347 மில்லிகிராம் என்று மருந்து நூல்கள் கொள்கின்றன. 0.125 மில்லிகிராமில் தொடங்கிய அலகு, தொடக்க எடையில் நான்கிலொரு பங்கைவிடச் சற்றே மிகுந்த அளவாகச் சுருங்கியிருக்கிறது. உடலில் அது செய்யும் வேலை குறையவில்லை; குப்பியிலிருந்த அழுக்கும் ஈரமும் உப்பும்தான் படிப்படியாக வெளியேறின. சர்வதேச அலகு என்பது வீரியத்தைக் காப்பாற்ற எடையை விட்டுக்கொடுத்த ஏற்பாடு. அந்த வகையில் அது வெற்றி பெற்றது என்றே சொல்ல வேண்டும்: 1925இல் 10 அலகு போட்டவரும் இன்று 10 அலகு போடுபவரும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் உடலிடம் கேட்கிறார்கள். (இந்தியாவில் இன்றும் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்ட குப்பியும் 100 அலகு கொண்ட குப்பியும் அருகருகே விற்கப்படுகின்றன. ஒன்றுக்குரிய ஊசியால் மற்றதை எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு பிழைக்கும். அங்கே மாறுவது கரைசலின் அடர்த்திதான், அலகு மாறவில்லை. இதை நோயாளிக்கு விளக்காமல் குப்பியைக் கொடுப்பது பெருந்தவறு.)

ஸ்டிராய்டு ஹார்மோன்களின் கதை வேறு திசையில் சென்றது. 1929இல் டாய்ஸியும் புட்டனான்ட்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோனைப் படிகமாக எடுத்தார்கள். 1931இல் புட்டனான்ட் பெர்லின் காவலர்களிடம் ஆயிரக்கணக்கான லிட்டர் சிறுநீர் திரட்டி 15 மில்லிகிராம் ஆன்ட்ரோஸ்டிரோனை வடித்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழு காளை விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தது. அதே ஆண்டில் புட்டனான்ட்டும் ருசிக்காவும் அதைச் செயற்கையாக ஆக்கினார்கள். பொருள் தூய படிகமாகக் கையில் வந்த பிறகு அதன் வீரியத்தைக் குறிக்கத் தனி அலகு எதற்கு? ஆயினும் லண்டனில் 1932, 1935 ஆண்டுகளில் கூடிய மாநாடுகள் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தன. 0.1 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோன் ஓர் அலகு, 1 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் ஓர் அலகு, 0.1 மில்லிகிராம் ஆன்ட்ரோஸ்டிரோன் ஓர் அலகு. இவை எடைக்கு இட்ட மறுபெயர்களே. வேதியியல் தராசு போதுமானதாகிவிட்டதால் இவை தாமாகவே உதிர்ந்தன. இதே போல எடைக்கு மறுபெயராகி, உதிராமல் நின்றவற்றுள் வைட்டமின் டி ஒன்று. அதன் ஓர் அலகு 0.025 மைக்ரோகிராம். நம் ஊர் மருந்துக்கடையில் வாரம் ஒன்றாகத் தரப்படும் 60,000 அலகுப் பொட்டலத்தில் இருப்பது வெறும் ஒன்றரை மில்லிகிராம்.

இந்த இடத்தில்தான் பாதை பிரிகிறது. சிறிய, ஒரே அமைப்புடைய மூலக்கூறுகளான ஸ்டிராய்டுகளும் தைராய்டு ஹார்மோன்களும் எடை மரபுக்குப் போயின. ஒரு பெயருக்குள் பல வடிவங்கள் கொண்ட புரத ஹார்மோன்களான டிஎஸ்எச், எஃப்எஸ்எச், எல்எச், எச்சிஜி ஆகியவை சர்வதேச அலகிலேயே தங்கின. ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வேறுபடுவதால் இவற்றுக்கு ஒரே மூலக்கூறு எடை என்று எதையும் சொல்ல முடியாது.

1960: அலகு நின்றது, பொருள் மாறியது

நியூயார்க் பிராங்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் 1960இல் விரிவாக வெளியிட்ட கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீடு, ஹார்மோன் அளவீட்டை இரண்டாகப் பிளந்த நிகழ்வு. அதுவரை மனித இரத்தத்தில் இயல்பாக இருக்கும் இன்சுலினை நம்பத்தகுந்த முறையில் அளக்க இயலவில்லை; அத்தனை நுண்ணிய அளவு. கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினும் நோயாளியின் இன்சுலினும் ஒரே எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடச் செய்து, போட்டியின் முடிவிலிருந்து அளவைக் கண்டார்கள். 1977இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டதால் அவருக்கு அது கிடைக்கவில்லை.

இந்த முறை வந்ததும் முடிவுகளை எந்த அலகில் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. கையில் இருந்தது சர்வதேச அலகு, அதையே நுண்ணலகாக்கிக்கொண்டார்கள். ஆனால் எதிர்ப்பொருள் ஒரு மூலக்கூறின் உருவத்தின் ஒரு மூலையை அடையாளம் காண்கிறது. அந்த மூலக்கூறு உடலில் வேலை செய்யுமா என்று அது பார்ப்பதில்லை. செயலை அளக்கப் பிறந்த அலகு அன்றிலிருந்து உருவத்தை எண்ணும் முறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஹார்மோன் அலகுகளின் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் இல்லை என்பது என் கருத்து. இதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. விளைவு இன்றும் மருத்துவரின் அறையில் தெரிகிறது. புரோலாக்டின் எதிர்ப்பொருளோடு பிணைந்து பெரிய மூலக்கூறாகச் சுற்றும்போது அறிக்கையில் எண் உயர்ந்திருக்கும். உடலில் செயல் சொற்பமாயிருக்கும். மூளையடிச் சுரப்பி நோயில் டிஎஸ்எச் எண் இயல்பாகவே இருந்து, அந்த டிஎஸ்எச்சின் வீரியம் குறைந்திருப்பதும் உண்டு.

தைராய்டில் இதற்கு முன்னரே சிறு குழப்பம் ஒன்று நேர்ந்திருந்தது. தைராக்ஸினை நேரடியாக அளக்க முடியாத காலத்தில் புரதத்தோடு பிணைந்த அயோடினை அளந்தார்கள். தைராக்ஸினின் எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் அயோடின். ஆகவே அயோடினாகச் சொன்ன 5 மைக்ரோகிராம், தைராக்ஸினாகச் சொன்னால் 7.7 ஆகும். பழைய ஆய்வேடுகளைப் படிக்கும்போது எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் எண்களை ஒப்பிட்டால் முடிவு தவறிவிடும்.

மோலின் வருகை

1960இல் பெயர் பெற்ற எஸ்ஐ என்னும் சர்வதேச அலகு முறையில் (குப்பி சார்ந்த சர்வதேச அலகு வேறு, இது வேறு), மூலக்கூறுகளை எண்ணும் மோல் 1971இல்தான் அடிப்படை அலகாகச் சேர்ந்தது. 1967இலேயே டென்மார்க்கின் டிப்கேர், யோர்கன்சன் இருவரும் மருத்துவ வேதியியலின் அளவுகளையும் அலகுகளையும் முறைப்படுத்தும் நூலை எழுதியிருந்தார்கள். 1977இல் உலகச் சுகாதார மாமன்றம் இம்முறையை மருத்துவ உலகம் ஏற்க வேண்டும் என்று தீர்மானித்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா மாறின. ஜெர்மனியின் கிழக்குப் பகுதி மாறியது, மேற்கு மாறவில்லை, நாடு ஒன்றான பிறகும் சர்க்கரை அளவில் அந்தக் கோடு அழியவில்லை. அமெரிக்காவில் முயற்சி தொடங்கிப் பின்வாங்கியது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 1992இல் பழைய அலகுகளுக்கே திரும்பியது. இந்திய ஆய்வகங்கள் பெரும்பாலும் பழைய மரபிலேயே உள்ளன; மூத்த மருத்துவர்கள் இன்னும் ‘மில்லிகிராம் பர்சென்ட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

மோலுக்கான வாதம் வலுவானது. ஹார்மோன் ஏற்பியோடு இணைவது ஒரு மூலக்கூறுக்கு ஒன்று என்ற கணக்கில். எடைக் கணக்கில் எதுவும் நடப்பதில்லை. கணையம் ஒரு மூலக்கூறு இன்சுலினை வெளியிடும்போது கூடவே ஒரு மூலக்கூறு சி-பெப்டைடையும் வெளியிடுகிறது. ஒன்றை மைக்ரோ அலகிலும் மற்றதை நானோகிராமிலும் எழுதினால் இந்த இணை கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் மோலில் எழுதினால் உடனே தெரியும். டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதைத் தாங்கிச் செல்லும் புரதத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுவதற்கும் இரண்டும் நானோமோலில் இருந்தாக வேண்டும்.

கணக்கு எளியது. டெஸ்டோஸ்டிரோனின் மூலக்கூறு எடை 288.4. டெசிலிட்டருக்கு 500 நானோகிராம் என்றால் லிட்டருக்கு 5,000, அதை 288.4ஆல் வகுத்தால் 17.3 நானோமோல். சுருக்கமாக 0.0347ஆல் பெருக்கலாம். (இன்சுலின் அலகின் எடையும் இதே இலக்கங்களில் வந்தது தற்செயல்; இரண்டுக்கும் தொடர்பில்லை.) எஸ்ட்ரடயால் பிக்கோகிராமிலிருந்து பிக்கோமோலுக்கு 3.67, புரோஜெஸ்டிரோன் மில்லிலிட்டர் நானோகிராமிலிருந்து லிட்டர் நானோமோலுக்கு 3.18, கார்ட்டிசால் டெசிலிட்டர் மைக்ரோகிராமிலிருந்து லிட்டர் நானோமோலுக்கு 27.6. தைராக்ஸினுக்கு 12.87. இதில் கவனம் தேவை: மொத்தத் தைராக்ஸின் (டி4) டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்றால் 103 நானோமோல், கட்டற்ற டி4 டெசிலிட்டருக்கு 1.2 நானோகிராம் என்றால் 15.4 பிக்கோமோல். பெருக்கும் எண் ஒன்றே. அலகின் படி ஆயிரம் மடங்கு வேறு. டெசிலிட்டரையும் மில்லிலிட்டரையும் மாற்றிப் படிப்பதால் நூறு மடங்கு பிழை வருவதும் உண்டு. மில்லிலிட்டருக்கு மைக்ரோ அலகு என்பதும் லிட்டருக்கு மில்லி அலகு என்பதும் ஒன்றே; டிஎஸ்எச் எண் நாடு மாறினாலும் மாறாததற்குக் காரணம் அதுதான்.

அலகைப் போலவே அளவெல்லையையும் மாற்றியாக வேண்டும். 2017இல் வெளியான ஒத்திசைவு ஆய்வு ஒன்று 19 முதல் 39 வயதுள்ள, உடற்பருமனற்ற ஆண்களுக்கான டெஸ்டோஸ்டிரோன் எல்லையை 264 முதல் 916 நானோகிராம் என்று தந்தது. நானோமோலில் அது 9.2 முதல் 31.8. இரண்டும் ஒரே எல்லை.

மரபுகள் மோதும் இடம்

மோலுக்காக மேலே சொன்ன பெருக்கும் எண்கள் அனைத்தும் மாறாதவை. சர்வதேச அலகையும் எடையையும் இணைக்கும்போதுதான் தரை நழுவுகிறது.

வளர்ச்சி ஹார்மோனை எடுத்துக்கொள்வோம். 1960களின் இறுதியில், இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த 66/217 என்ற தயாரிப்பில் ஒரு மில்லிகிராமுக்கு 2 அலகு. 80/505இல் 2.6 எனக் கொண்டார்கள். மரபணு முறையில் ஆக்கிய தூய 98/574இல் 3. வளர்ச்சி குன்றிய குழந்தைக்குத் தூண்டல் சோதனை செய்து லிட்டருக்கு 20 மில்லி அலகு வந்தால் போதும் என்ற பழைய எல்லை, முதல் கணக்கில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். இரண்டாம் கணக்கில் 7.7, மூன்றாம் கணக்கில் 6.7. குப்பி மாறிய பிறகும் 10 என்ற எல்லையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், குறைபாடில்லாத குழந்தைகளும் நோயாளிகளாகப் பதிவாவார்கள். 2011இல் வெளியான நிபுணர் உடன்பாடு, 98/574ஐ மட்டும் அடிப்படையாகக் கொண்டு எடையிலேயே முடிவைச் சொல்லும்படி கேட்டது. புரோலாக்டினில் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்றால் லிட்டருக்கு 21.2 மில்லி அலகு என்று பெருக்குகிறோம். அந்த எண், 84/500 குப்பியில் இருந்த 2.5 மைக்ரோகிராமுக்கு 0.053 அலகு என்று மதிப்பளித்ததன் விளைவு. வேறு தரநிலைக்கு அது செல்லாது.

இன்சுலினில் இந்தச் சிக்கல் நாள்தோறும் மருத்துவமனைகளில் நடக்கிறது. பிக்கோமோலிலிருந்து மைக்ரோ அலகுக்கு மாற்ற 6ஆல் வகுக்க வேண்டும். 0.0347 மில்லிகிராமை மூலக்கூறு எடையான 5,808ஆல் வகுத்தால் கிட்டுவது அதுதான். ஆனால் தூய்மை குறைந்த பழைய தயாரிப்புகளின் காலத்து 6.945 என்ற எண் பல அட்டவணைகளிலும் மாற்றிகளிலும் இன்னும் இருக்கிறது. ஒருவருக்கு இன்சுலின் 72 பிக்கோமோல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 95 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இன்சுலின் எதிர்ப்பைக் கணிக்கும் ஹோமா சூத்திரம், மைக்ரோ அலகையும் மில்லிகிராமையும் பெருக்கி 405ஆல் வகுக்கச் சொல்கிறது. 6ஆல் வகுத்தால் இன்சுலின் 12, ஹோமா 2.8. 6.945ஆல் வகுத்தால் இன்சுலின் 10.4, ஹோமா 2.4. பலரும் கைக்கொள்ளும் 2.5 என்ற எல்லையின் இரு பக்கமும் ஒரே மனிதர் நிற்கிறார். இரத்தம் ஒன்று, இயந்திரம் ஒன்று. மாறியது அட்டவணை மட்டும்.

இதனால்தான் சர்வதேச அலகில் தரப்படும் ஒவ்வொரு ஹார்மோன் முடிவின் அருகிலும் அது எந்தத் தரநிலைக் குப்பியை அடிப்படையாகக் கொண்டது என்ற குறியீட்டு எண்ணையும் ஆய்வகம் அச்சிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். அந்தத் தகவல் கருவியோடு வரும் கையேட்டில் இருக்கிறது, அறிக்கைக்கு வருவதில்லை. எச்சிஜிக்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், அதன் வெவ்வேறு வடிவங்களைத் தனித்தனியே தூய்மையாக்கி மோலில் மதிப்பளித்த மேற்கோள் பொருள்கள் உருவாயின. ஆனாலும் மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பச் சோதனைப் பட்டை 25 மில்லி சர்வதேச அலகு என்ற எல்லையிலேயே பேசுகிறது. டிஎஸ்எச்சும் எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் அலகை விட்டு வெளியேறவில்லை. ஒரே மூலக்கூறாக இல்லாத ஒன்றை மோலில் எண்ணுவது எப்படி என்ற கேள்விக்கு வேதியியல் இன்னும் முழு விடை தரவில்லை. லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பாரில் உள்ள உயிரியல் தரநிலை நிறுவனத்தின் குளிர் அறைகளிலிருந்து அந்தக் குப்பிகள் தொடர்ந்து உலகெங்கும் அனுப்பப்படுகின்றன.